ஃபெனிசியோ பாதிரியாரை உதகையில் நினைவுகூர்வது எப்படி

நீலகிரியில் ஒரு பழைய பாதிரியாருக்கு நினைவு விழா எடுப்பதென்றால் பெரும்பாலான கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள ஊர்ச் சபைகளில், வேலை கல்லறைத் தோட்டத்தில்தான் தொடங்கும். கல்லறையைத் தேடிப் பிடித்து, பாசியைச் சுரண்டி, பெயரைப் படித்து, மாலை சாத்தி, மந்திரித்துவிட்டால் பாதி விழா முடிந்தது போலத்தான். இயேசு சபைக் குருவான ஜாக்கோமோ ஃபெனிசியோவுக்கு அந்த வசதி இல்லை. 1603-ஆம் ஆண்டு மலபாரிலிருந்து இந்த மலைக்கு ஏறிவந்து, தோடர்களையும் படகர்களையும் பார்த்துப் பேசிவிட்டு இறங்கிப் போன அவருக்கு இங்கே கல்லறை கிடையாது. அவர் கட்டிய கோயில் கிடையாது. அவர் நட்டதென்று காட்ட ஒரு மரம்கூடக் கிடையாது. இருப்பது ஒரே ஒரு கடிதம். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு எப்படி விழா எடுப்பது என்பதை, எங்கள் பங்கில் இரண்டு முறை எடுத்துப் பார்த்து, முதல் முறை நன்றாகச் சறுக்கிய அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதல் வேலை, அவர் யார், எதற்காக வந்தார் என்பதை விழாக் குழுவில் உள்ள எல்லாரும் ஒரே மாதிரி தெரிந்துகொள்வது. ஃபெனிசியோ இத்தாலியர், நேப்பிள்ஸ் நகருக்கு அருகிலுள்ள கப்புவாவில் 1558-ஐ ஒட்டிப் பிறந்தவர். போர்த்துக்கீசியர் செல்வாக்கு ஓங்கியிருந்த மலபார்க் கரையில் தம் பணிக்காலத்தைக் கழித்து, 1632-இல் கொச்சியில் இறந்தார். 'தோடமலா' என்ற மலையில், எப்போதோ கரையிலிருந்து பிரிந்துபோன தோமா கிறிஸ்தவர்கள் (திருத்தூதர் தோமாவிடமிருந்து தம் மரபைச் சொல்லும் கேரளக் கிறிஸ்தவர்கள்) வாழ்கிறார்கள் என்றொரு பேச்சு அக்காலத்தில் மலபாரில் உலவியது. அதை நம்பி, அங்கமாலி ஆயராக இருந்த பிரான்சிஸ்கோ ரோஸ் 1602-இல் ஒரு குருவையும் ஒரு திருத்தொண்டரையும் அனுப்பினார். அவர்கள் கொண்டுவந்த செய்தி போதாமல் போகவே, மறு ஆண்டு ஃபெனிசியோ புறப்பட்டார். மன்னார்க்காடு வழியாக மலையேறி வந்தவர், இங்கே கிறிஸ்தவர்கள் இருந்ததற்கான சுவடு எதையும் காணவில்லை. கோழிக்கோட்டுக்குத் திரும்பி, 1603 ஏப்ரல் 1 அன்று, கண்டதையெல்லாம் தம் சபை மேலாளருக்குக் கடிதமாக எழுதினார். தோடர்களைப் பற்றி ஓர் ஐரோப்பியர் நேரில் கண்டு எழுதியவற்றுள் நமக்குக் கிடைத்திருப்பவற்றில் இதுவே பழையது. 1603-இலேயே படகர்கள் இந்த மலையில் குடியிருந்தார்கள் என்பதற்கும் இதுவே சான்று. உதகையை உருவாக்கிய ஆங்கிலேய ஆட்சியர் ஜான் சலிவன் 1819-இல்தான் இங்கே வந்தார் என்பதை நினைத்தால், இடையில் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இருப்பது விளங்கும்.

இந்த வரலாற்றை வாய்ச்சொல்லாகக் கேட்டுக்கொண்டு விழாவுக்குப் போய்விடாதீர்கள். ரிவர்ஸ் என்ற மானிடவியலாளர் 1906-இல் தோடர்களைப் பற்றி வெளியிட்ட பெரிய நூலின் பின்னிணைப்பில் இந்தக் கடிதத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு அச்சாகியிருக்கிறது. அந்த நூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. குழுவில் ஆங்கிலம் நன்கு அறிந்த இருவர் உட்கார்ந்தால் சில மாலைகளில் தமிழாக்கிவிடலாம். ஒருவர் மொழிபெயர்க்க மற்றவர் வரிக்கு வரி சரிபார்ப்பதே நல்லது. நாங்கள் ஒருவரை மட்டும் நம்பியதில், ஊர்ப்பெயர்களைத் தமக்குத் தெரிந்த ஊர்களாகவே மாற்றிவிட்டார். தேடும்போது பெயர் பல வடிவங்களில் வரும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஜாக்கோமோ, ஜாகோமே என்றும், ஃபெனிசியோ, ஃபினிசியோ என்றும் எழுதியிருப்பார்கள். மலபாரின் தெய்வங்களையும் சமயக் கதைகளையும் பற்றி அவர் எழுதிய போர்த்துக்கீசிய நூல் ஒன்றும் உண்டு. அதை ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஷார்பென்டியர் 1933-இல் பதிப்பித்தார். டச்சுப் போதகர் பால்டேயஸ் 1672-இல் வெளியிட்ட புத்தகத்தில் அந்தக் கையெழுத்துப் பிரதியின் சரக்கைப் பெயர் சொல்லாமல் எடுத்தாண்டிருக்கிறார் என்பதும் அந்த ஆய்வில் வெளிப்பட்டது. பெயர் சொல்லப்படாமல் போன ஒரு மனிதருக்குப் பெயர் சொல்லி விழா எடுக்கிறோம் என்பதால், பெயரைப் பிழையில்லாமல் எழுதுவதே முதல் மரியாதை.

அடுத்து நாள். கடிதத்தின் நாள் ஏப்ரல் 1 என்பதால் அதையே பிடித்துக்கொள்ளத் தோன்றும். முதல் முறை நாங்கள் அப்படித்தான் செய்தோம். அது தவக்காலத்தின் நடுவில் வந்து விழுந்தது. பீடத்தில் பூ கிடையாது, பாடல்கள் எல்லாம் துயரப் பாடல்கள், அன்பியங்கள் எனப்படும் அக்கம்பக்கச் செபக் குழுக்கள் ஒவ்வொன்றும் சிலுவைப்பாதையில் மும்முரமாக இருந்தன. பிறகுதான் ஒருவர் பழைய நாள்காட்டியைக் கணக்கிட்டுப் பார்த்தார். போர்த்துக்கீசிய ஆட்சிப் பகுதிகள் 1582-இல் வந்த கிரெகோரியன் நாள்காட்டியை உடனடியாக ஏற்றுக்கொண்டவை. ஆகவே, 1752 வரை பழைய கணக்கிலேயே இருந்த ஆங்கிலேயரின் ஆவணங்களைப் போல இந்தக் கடிதத்தின் தேதியைத் திருத்த வேண்டியதில்லை. அந்தக் கணக்கின்படி 1603-இல் உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 30. அப்படியானால் ஏப்ரல் 1 என்பது பாஸ்கா எண்கிழமையின், அதாவது உயிர்ப்பு ஞாயிறு தொடங்கி வரும் எட்டு நாள்களின், செவ்வாய். எனவே தேதியைப் பிடிக்காமல் கிழமையைப் பிடியுங்கள் என்பதே என் ஆலோசனை: ஒவ்வோர் ஆண்டும் உயிர்ப்பு ஞாயிற்றுக்கு அடுத்த செவ்வாய். இதில் ஒரு கூடுதல் பொருத்தமும் உண்டு. இன்றைய திருவழிபாட்டு முறையில் அந்தச் செவ்வாய்க்கான நற்செய்தி யோவான் 20-ஆம் அதிகாரத்தில், கல்லறை அருகே அழுதுகொண்டு நிற்கும் மகதலா மரியாவிடம் ஆண்டவர், "யாரைத் தேடுகிறாய்?" என்று கேட்கும் பகுதி. இல்லாத ஆட்களைத் தேடிவந்து, இருக்கும் ஆட்களைக் கண்டு திரும்பிய ஒருவரைப் பற்றி மறையுரை வைக்க இதைவிட வேறென்ன வேண்டும்? பங்குத்தந்தையிடம் இதை ஒரு வாரம் முன்னரே சொல்லிவைத்தால் போதும். மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

திருப்பலியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆர்வத்தில் எல்லை தாண்டுவது இங்கேதான் நடக்கும். ஃபெனிசியோ புனிதரும் அல்லர், அருளாளரும் அல்லர். திருச்சபைச் சட்டத்தின் 1187-ஆம் எண், புனிதர் அல்லது அருளாளர் பட்டியலில் சேர்க்கப்பட்டவர்களுக்கு மட்டுமே பொது வணக்கம் செலுத்தலாம் என்று வரையறுக்கிறது. ஆகவே அவர் படத்தைப் பீடத்தில் வைப்பது, படத்துக்குத் தூபம் காட்டுவது, அவர் பெயரில் மன்றாட்டுமாலை அச்சிடுவது, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று சபையாகச் சொல்லவைப்பது ஆகியவற்றைத் தவிர்த்துவிட வேண்டும். அவரிடம் வேண்டுவதில்லை, அவருக்காக வேண்டுகிறோம் என்ற வேறுபாட்டை அறிவிப்புகளிலும் கவனமாகக் காக்க வேண்டும். பாஸ்கா எண்கிழமையில் அடக்கத் திருப்பலியைத் தவிர இறந்தோருக்கான வேறு திருப்பலி முறைகளைப் பயன்படுத்த இயலாது என்பதால், அன்றைய திருப்பலியையே நிறைவேற்றி, அவர் ஆன்மாவைத் திருப்பலிக் கருத்தாக ஒப்புக்கொடுத்து, விசுவாசிகள் மன்றாட்டில் அவர் பெயரையும், 1602-இல் அவருக்கு முன் வந்த இருவரையும், அவர்களுக்குச் சோறும் இடமும் தந்த மலைமக்களையும் சேர்த்துச் சொல்லலாம். கடித வாசிப்பைத் திருப்பலிக்குள் நுழைக்கக் கூடாது. இறுதி ஆசீருக்குப் பிறகு, கோயில் முற்றத்திலோ பங்கு மண்டபத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வைத்தால் பிற சபையாரும் பிற சமயத்தாரும் கூச்சமில்லாமல் வந்து உட்காருவார்கள்.

இனி, விழாவின் உயிர்நாடியான வேலைக்கு வருகிறேன். கடிதத்தில் பேசப்படுபவர்கள் தோடர்கள். அவர்கள் இன்றும் இதே மலையில், நம் கோயில்களிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள மந்துகள் எனப்படும் தங்கள் சிற்றூர்களில் வாழ்கிறார்கள். அவர்களை அழைக்காமல் இந்த விழாவை எடுப்பது, பெண் வீட்டாருக்குச் சொல்லாமல் நிச்சயதார்த்தம் நடத்துவது போன்றது. ஆனால் அழைக்கும் முறை ஒன்று உண்டு. பத்திரிகை அடித்துக் கொடுத்துவிட்டு வருவது அழைப்பாகாது. இரண்டு மாதங்களுக்கு முன்பே, இரண்டு பேர் மட்டும், மந்தில் உள்ள பெரியவர் ஒருவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வாரத்தின் சில கிழமைகளில் பணமோ பொருளோ மந்திலிருந்து வெளியே போகக் கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகள் தோடர்களின் வழக்கத்தில் உள்ளன. ஆகவே எந்தக் கிழமை வரலாம் என்று கேட்டுக்கொண்டே செல்லுங்கள். எருமைகளோடு தொடர்புடைய அவர்களின் கோயில்களுக்கு அருகில் வெளியார் போகக் கூடாது. "சும்மா ஒரு போட்டோ" என்று யாரும் அந்தப் பக்கம் ஒதுங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

போகும்போது தமிழாக்கிய கடிதத்தை முழுமையாகக் கொண்டுபோய், மண்டபத்தில் வாசிப்பதற்கு முன் அங்கே வாசித்துக் காட்டுங்கள். அதில் அழகான இடங்கள் உண்டு: தோளில் புரளும் நீண்ட கூந்தலும் தாடியுமாக வந்து உட்கார்ந்த தோடர் குருவின் தோற்றம், கழுத்தில் மணி கட்டி வணங்கப்படும் எருமை, மலையின் குளிர். கூசவைக்கும் இடங்களும் உண்டு. சகோதரர்கள் ஒரே பெண்ணை மணக்கும் அன்றைய வழக்கத்தையும் அவர்களின் வழிபாட்டையும் பற்றி, தம் காலத்துப் பாதிரியார் ஒருவர் எப்படி எழுதுவாரோ அப்படியே அவர் எழுதியிருக்கிறார். எதை மண்டபத்தில் வாசிக்கலாம், எதை விடலாம் என்று அவர்களே சொல்லட்டும். எங்கள் வாசிப்பின்போது, பாதிரியார் தோடப் பெண்களுக்குச் சிறு கண்ணாடிகளைக் கொடுத்தார், அவர்கள் மகிழ்ந்தார்கள் என்ற இடம் வந்தது. பூத்துக்குளி என்ற தோடர் போர்வையின் ஓரத்தில் சிவப்பு நூலும் கறுப்பு நூலும் கோத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி ஊசியை நிறுத்தாமலே, "கண்ணாடியைக் கொடுத்தார், சரி, நம்மவர்கள் அவருக்கு என்ன கொடுத்தார்களாம்? அதை எழுதவில்லையா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியையே மண்டபத்தில் கடித வாசிப்புக்குப் பிறகு வாசிக்கலாமா என்று கேட்டோம். வாசிக்க வேண்டாம், தானே வந்து கேட்பதாகச் சொன்னார். வந்தும் கேட்டார். இதோடு சேர்த்து ஓர் எச்சரிக்கை: மறைக்கல்வி மாணவர்களைக் கொண்டு அந்தக் காட்சியை நாடகமாக்கி, தோடர்களுக்குக் கண்ணாடி வழங்கலாம் என்று குழுவில் யாராவது கட்டாயம் யோசனை சொல்வார். அந்த யோசனையை அந்தக் கூட்டத்திலேயே அடக்கம் செய்துவிடுங்கள்.

கல்வெட்டு வைப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். வைப்பதானால் வாசகத்தைத் தீர்மானித்த பிறகே கல்லுக்குப் பணம் கட்டுங்கள். நாங்கள் முதல் முறை தலைகீழாகச் செய்தோம். கறுப்புக் கிரானைட் பலகையில், 'நீலகிரியைக் கண்டுபிடித்த முதல் பாதிரியார்' என்று பெரிய எழுத்தில் செதுக்கி, பொன்வண்ணம் பூசி வைத்தாயிற்று. திறப்பு நாளில் வந்திருந்த தோடர் பெரியவர் ஒருவருக்கு அவருடைய பேரன் அதைப் படித்துக் காட்டினான். அவர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து, "என்ன சார், அதுவரை நாங்கள் தொலைந்தா போயிருந்தோம்?" என்றார். அத்தனை பேர் படித்துச் சரிபார்த்த வாசகத்தில் எங்களில் ஒருவருக்கும் உறுத்தாத சொல் அது. தொலைந்துபோனவர்கள் இருப்பார்கள் என்று தேடிவந்து, அப்படி யாரும் இல்லை என்று எழுதி அனுப்பிய மனிதருக்கு, அவர் கேட்காத பட்டத்தை நாங்கள் கொடுத்திருந்தோம். பலகையைக் கழற்றித் திருப்பி, மறுபக்கத்தை மெருகேற்றிப் புதிதாகச் செதுக்க, முதல் செலவில் முக்கால் பங்கு மறுபடியும் ஆயிற்று.

இப்போது அதில் உள்ள வாசகத்தை அப்படியே தருகிறேன், வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம். "இயேசு சபைக் குரு ஜாக்கோமோ ஃபெனிசியோ 1603-இல் இம்மலைக்கு வந்து, இங்கு வாழ்ந்த தோடர்களையும் படகர்களையும் சந்தித்தார். அவ்வாண்டு ஏப்ரல் 1 அன்று கோழிக்கோட்டிலிருந்து அவர் எழுதிய கடிதம், இம்மக்களை நேரில் கண்ட ஐரோப்பியர் எழுதியவற்றுள் நமக்குக் கிடைத்த மிகப் பழைய பதிவு." இதில் 'முதன்முதலாக வந்தார்' என்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அவருக்கு முந்தைய ஆண்டே இருவர் வந்திருக்கிறார்கள். கல்லில் அதை மறுத்து எழுத நமக்கு உரிமை இல்லை. செதுக்குபவர் எழுத்துக் கணக்கில் கூலி கேட்பார். 'கோ' என்பது ஓரெழுத்தா மூன்று உருவா என்ற இலக்கணச் சண்டையை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது. எழுத்தை ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். தென்மேற்குப் பருவமழையும், மார்கழி, தை மாத உறைபனியும் மாறி மாறித் தாக்கும் இந்த ஊரில் பொன்வண்ணம் நிலைக்காது. வண்ணம் போனாலும் படிக்கிற ஆழத்தில் எழுத்து இருக்க வேண்டும். பலகையை வெளிச்சுவரில் பதிக்காமல், முகமண்டபத்தின் உட்சுவரில் பதித்தால் பாசியும் ஏறாது. கோயில் வளாகத்துக்குள் பதிக்கப் பங்குத்தந்தையின் வழியாக ஆயரகத்தின் எழுத்து அனுமதி பெற வேண்டும். சாலையோரத்தில் தூண், மணிமண்டபம் என்று கிளம்பினால், கட்டடக் கட்டுப்பாடுகள் கடுமையான இந்த மாவட்டத்தில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கவே ஆண்டுகள் போய்விடும்.

படம் குறித்து ஒரு சொல். சுவரொட்டிக்கு முகம் வேண்டுமே என்று இணையத்தில் அகப்பட்ட ஏதோ ஒரு தாடிவைத்த இயேசு சபைக் குருவின் படத்தையோ, கணினியில் வரைந்த கற்பனை முகத்தையோ போட்டுவிடாதீர்கள். அடுத்த ஆண்டு அதுவே அவருடைய 'உண்மைப் படம்' ஆகிவிடும். கடிதம் விரிவாக வரைந்து காட்டும் முகம் எழுதியவருடையதன்று, எதிரே உட்கார்ந்திருந்த தோடருடையது. சுவரொட்டியில் கடிதத்தின் ஒரு வரியைப் பெரிதாகப் போட்டால் போதும். அதையும் துணியில் எழுதச் சொல்லுங்கள். நெகிழிக்குத் தடை உள்ள மாவட்டத்தில் ஃபிளெக்ஸ் பேனர் கட்டிவிட்டு அபராதம் கட்டுவானேன்? வெளியூரிலிருந்து வண்டியில் வருகிறவர்களுக்கு, 2024 மே முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸைப் பற்றி அழைப்பிலேயே குறிப்பிட்டுவிடுங்கள். உயிர்ப்பு வாரம் சீசன் தொடங்கும் வேளை என்பதால், காலையிலேயே கூட்டத்தை முடித்துக்கொண்டால் மதிய மழைக்கும் போக்குவரத்து நெரிசலுக்கும் தப்பலாம். சிற்றுண்டிக்கு டீயும் வர்க்கியும் தாராளமாகப் போதும்.

சிலர் அவர் வந்த பாதையிலேயே நடந்து பார்க்க விரும்புவார்கள். காட்டுப் பகுதிகளில் வனத்துறை அனுமதியின்றிக் கால் வைக்க முடியாது என்பதால் அதை நான் ஊக்குவிப்பதில்லை. யாத்திரை போயே தீர வேண்டுமென்றால் கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்து அர்த்துங்கல் புனித அந்திரேயா கோயிலுக்குப் போய்வரலாம். அங்கே பங்குக் குருவாக இருந்த ஃபெனிசியோவைத்தான் மக்கள் 'அர்த்துங்கல் வெளுத்தச்சன்' என்று இன்றும் சொல்கிறார்கள். ஐயப்பனுக்கும் வெளுத்தச்சனுக்கும் நட்பு இருந்ததாக ஊர்க்கதை உண்டு. சபரிமலை போய்த் திரும்பும் பக்தர்கள் பலர் அந்தக் கோயிலில் மாலையைக் கழற்றுவதும் வழக்கம். இந்து சமயத்தை மறுப்பதற்காகவே அதன் கதைகளைத் தேடித் தொகுத்த ஒரு பாதிரியாரை அந்த ஊர் மக்கள் ஐயப்பனின் தோழராக்கிவிட்டார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. ஜனவரி 20-ஐ ஒட்டிய செபஸ்தியார் திருவிழாவின்போது போனால் நிற்க இடமிருக்காது; வேறொரு மாதத்தில் போங்கள்.

விழா முடிந்த வாரத்திலேயே, வாசித்த தமிழ்ப் பிரதி, கல்வெட்டு வாசகம், வரவு செலவு, வந்திருந்தோர் கூறிய கருத்துகள் ஆகியவற்றைப் பங்கின் நாட்குறிப்பேட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். பங்குத்தந்தையர் மாறும்போது கையோடு போகாமல் இருக்கும் ஏடு அது ஒன்றுதான். கடிதத்தின் தமிழ்ப் பிரதி ஒன்றைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு மந்துக்கும் கொடுத்து அனுப்புங்கள். எங்களிடமிருந்து அதை வாங்கிக்கொண்ட அந்தப் பேரன், மொழிபெயர்ப்பில் எருமையைக் குறித்த இரண்டு சொற்களைத் திருத்தி அடுத்த வாரமே திருப்பி அனுப்பியிருந்தான். இந்த ஆண்டு வாசிக்கப்போவது அந்தத் திருத்திய பிரதி.